கடைசிச் சொல்லின் அதிகாரம்: நூற்பட்டியல் எந்திரமும் நமது பெயர்களும்

ஆய்வேட்டில் யாரும் படிக்காத பகுதி துணைநூற்பட்டியல் என்பார்கள். வாய்மொழித் தேர்வுக்கு வருகிற பேராசிரியர் மட்டும் முதலில் அதைத்தான் புரட்டுவார், தன் பெயர் இருக்கிறதா என்று. கேலிதான், ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. பட்டியல் என்பது பிரதிக்குப் பின்னால் ஒட்டவைத்த வால் அல்ல. யாருடைய எழுத்து அறிவாகக் கணக்கில் வரும், அவர் எந்தப் பெயரால் அறியப்படுவார் என்பது தீர்மானமாகிற இடம் அது. நாம் கதை, கவிதை, பாடநூல், சினிமா எல்லாவற்றையும் கட்டுடைத்துப் பார்த்தாயிற்று. நூலின் கடைசிப் பத்துப் பக்கத்தை மட்டும் அச்சுக் கோப்பவரிடம் விட்டுவிட்டோம். இன்று அச்சுக் கோப்பவரும் இல்லை. ஒரு நிரல் அந்த வேலையைச் செய்கிறது.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு நிரலில் என்ன வேலை என்று கேட்கலாம். நண்பர்களின் ஆய்வேடுகளுக்குப் பக்க வடிவம் செய்துகொடுப்பதில் என் பிழைப்பின் ஒரு பகுதி ஓடுகிறது. லாடெக் என்கிற அச்சுக்கோப்பு முறைமையோடும் அதன் நூற்பட்டியல் துணைநிரலான பிப்டெக்கோடும் மல்லுக்கட்டிய அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் தமிழ் இலக்கிய வரலாறு எழுதும் ஒருவரின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். எம். எஸ். பூர்ணலிங்கம் பிள்ளையின் நூல், 1904. ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையின் சைவ சித்தாந்தக் கட்டுரைகள், 1911. எஸ். வையாபுரிப் பிள்ளையின் தமிழ் மொழி இலக்கிய வரலாறு, 1956. மூன்றையும் ஆங்கில எழுத்தில் பிப்டெக்கிடம் கொடுத்தால், மூவரும் 'பிள்ளை' என்ற சொல்லின் கீழே அடுத்தடுத்து வந்து உட்காருவார்கள். கட்டுரையின் உடலில் 'பிள்ளை 1904', 'பிள்ளை 1911', 'பிள்ளை 1956' என்று மட்டுமே தெரிவார்கள். பட்டியலில் அந்த எழுத்து வருகிற பக்கத்தைத் திறந்தால் ஏதோ வேளாளர் சங்கக் கூட்டத்துக்குள் நுழைந்ததுபோல இருக்கும். பி. டி. சீனிவாச ஐயங்கார் 'ஐயங்கார்' ஆகிறார். எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் தன் சாதியை ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டி எழுதியதால் வேறு எழுத்தின்கீழ் போகிறார். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி வெறும் 'சாஸ்திரி'. எந்திரத்துக்குச் சாதி தெரியாது. பெயரின் கடைசிச் சொல் மட்டுமே தெரியும். ஆனால் தென்னிந்தியாவில் 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுதியவர்களுக்குக் கடைசிச் சொல் எதுவாக இருந்தது என்று நமக்குத் தெரியும்.

இந்தக் கடைசிச் சொல் எப்படி அதிகாரம் பெற்றது என்பது ஒரு சிறு வரலாறு.

1977-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கனூத், தன் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த ஒளி அச்சுக்கோப்பு மெய்ப்பைப் பார்த்து மனம் நொந்துபோனார். முதல் பதிப்பு ஈய அச்சில் வந்தது. அதன் அழகு புதியதில் இல்லை. தானே ஒரு நிரல் எழுதிவிடுவது என்று உட்கார்ந்தார். அதுதான் டெக். கணித வாய்பாடுகளை அழகாகக் கோக்கத் தெரிந்த அந்த நிரலுக்கு நூற்பட்டியல் என்ற கருத்தே கிடையாது. வேறு இடங்களில் அது முளைத்துக்கொண்டிருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் மைக் லெஸ்க் 'ரெஃபர்' என்றொரு நிரலை 1978 வாக்கில் எழுதினார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீட் 'ஸ்கிரைப்' என்பதை உருவாக்கினார். 'என்ன சொல்கிறோம்' என்பதும் 'எப்படித் தோன்ற வேண்டும்' என்பதும் வேறு வேறு, ஆசிரியன் முதலாவதைக் கவனித்தால் போதும் என்பது ஸ்கிரைபின் கோட்பாடு. நூல் விவரங்கள் ஒரு கோப்பில் இருக்கும். பாணி இன்னொரு கோப்பில். லெஸ்லி லாம்போர்ட் இதே கோட்பாட்டை டெக்கின் மேல் ஏற்றியபோது லாடெக் பிறந்தது; அதன் கையேடு 1986-இல் வந்தது. அதற்கு நூற்பட்டியல் செய்துகொடுக்க ஓரன் படாஷ்னிக் 1985-இல் பிப்டெக்கை எழுதினார். 1988-இல் அது 0.99 என்ற எண்ணை எட்டியது. 1.0 வரும் வரும் என்றார்கள். வரவேயில்லை. முடிவுறாத அந்த நிரலைத்தான் உலகம் இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

படாஷ்னிக் தன் அடிப்படைப் பாணிகளுக்கு வழிகாட்டியாகக் கொண்டது மேரி-கிளேர் வான் லூனன் 1978-இல் வெளியிட்ட ஆய்வாளர் கையேட்டை. நல்ல புத்தகம். லத்தீன் சுருக்கெழுத்துப் பந்தாக்களைக் கிழித்துப்போட்டு, வாசகருக்கு எது உதவும் என்று கேட்கிற புத்தகம். ஆனால் அது அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பிரச்சினைகளுக்கு எழுதப்பட்டது. வான் லூனன் என்ற பெயரையே பாருங்கள். 'வான்' என்பதை அகரவரிசையில் கணக்கில் எடுப்பதா விடுவதா? நெதர்லாந்தில் விட்டுவிடுகிறார்கள், பெல்ஜியத்தில் சேர்க்கிறார்கள். இந்தச் சண்டை பிப்டெக் செய்தவர்களுக்குத் தெரிந்த சண்டை. ஆகவே அதற்கு ராஜமரியாதை கொடுத்தார்கள். ஒரு பெயர் என்பது பிப்டெக்கைப் பொறுத்தவரை நான்கு உறுப்பு: முதற்பெயர், 'வான்' போன்ற இடைச்சொல், கடைசிப்பெயர், 'ஜூனியர்' போன்ற பின்னொட்டு. உலகத்து மனிதர்கள் அத்தனை பேரும் இந்த நான்கு அறைக்குள் அடங்கியாக வேண்டும். டச்சுக்காரரின் 'வான்' என்ற இரண்டெழுத்துக்குத் தனி அறை. கோடிக்கணக்கான தமிழர் பெயருக்கு முன்னால் நிற்கிற இனிஷியலுக்கு அறை கிடையாது.

எந்திரம் பெயரைப் பிரிக்கும் விதி எளியது. காற்புள்ளி இல்லாவிட்டால், சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்கும். கடைசி இடைவெளிக்குப் பின்னால் உள்ளது கடைசிப்பெயர். அவ்வளவுதான். இங்கே ஒரு விசித்திரம் நிகழ்கிறது. அதே வையாபுரியாரைத் தமிழில் 'வையாபுரிப்பிள்ளை' என்று ஒரே சொல்லாக எழுதுகிறோம், சந்தி சேர்த்துவிடுகிறது. உ. வே. சாமிநாதையரும் அப்படியே. எனவே தமிழெழுத்தில் கொடுத்தால் ஒருவர் வகரத்திலும் மற்றவர் சகரத்திலும், தத்தம் சொந்தப் பெயரால் அமர்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு இடைவெளி விழுந்த மாத்திரத்தில் சாதி கழன்று முன்னால் ஓடிவந்து தலையில் உட்காருகிறது. ஒற்று மிகுமா மிகாதா என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்க, அந்த ஒற்று ஒரு மனிதர் யாராக அறியப்படுவார் என்பதையே தீர்மானித்துக்கொண்டிருக்கிறது!

இதைவிடக் கொடுமை அயோத்திதாசருக்கு. 1845-இல் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் காத்தவராயன். தன் ஆசிரியரின் பெயரைத் தான் எடுத்துக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். தானாகத் தேர்ந்துகொண்ட பெயர், ஒரு குரு மரபை அறிவிக்கிற பெயர். ஆங்கிலத்தில் அதை 'அயோத்தி தாஸ்' என்று இரண்டாக உடைத்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. பிப்டெக் என்ன செய்யும்? 'தாஸ்' என்பதைக் குடும்பப்பெயராக்கி, அயோத்தியை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடும். தாசன் என்றால் அடிமை. 1907-இல் இதழ் தொடங்கிப் பூர்வ பௌத்த வரலாற்றை எழுதிக்காட்டிய சிந்தனையாளர், அறிவுலகப் பட்டியலில் 'அடிமை' என்ற பாதிப் பெயரோடு நிற்கிறார். அவரைப் பற்றி ஆய்வு செய்த ஒரு நண்பர் தன் அத்தியாயத்தின் அச்சுப்படியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன தோழர், நம்ம ஆளு இங்க வெறும் தாஸுன்னு வந்திருக்காரே" என்று கேட்டார். 'பண்டிதர்' சேர்த்துக் கொடுத்துப் பார்த்தோம். எந்திரம் 'பண்டிதர்' என்பதைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டது.

ஃபூக்கோ 1969-இல் ஆசிரியன் என்றால் என்ன என்று கேட்டார். கட்டுரை கனமாகட்டும் என்று இதைச் சொல்லவில்லை. ஆசிரியன் பெயர் என்பது ஒரு நபரைச் சுட்டுவதைவிடப் பிரதிகளை ஒன்றுசேர்க்கிற, வகைப்படுத்துகிற வேலையைச் செய்கிறது என்பது அவர் வாதம். அந்த வேலை ஒரு நிரலின் சில நூறு வரிகளாக எழுதப்பட்டிருப்பதை நாம் கண்ணாலேயே பார்க்கலாம். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் உடலிலேயே போடுகிற முறையை 1881-இல் தொடங்கிவைத்தவர் ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்கிறார்கள்; ஓடில்லாத ஒரு நத்தையைப் பற்றிய கட்டுரையில். அந்த நத்தை ஊர்ந்து ஊர்ந்து சமூக அறிவியல் முழுவதையும் பிடித்துவிட்டது. அதில்தான் பெயரின் மற்ற உறுப்புகள் எல்லாம் உதிர்ந்து கடைசிச் சொல் தனியாக நிற்கும்.

'பாணிக் கோப்பை மாற்றி எழுதிக்கொள்ளலாமே, திறந்த நிரல்தானே' என்பது வழக்கமான பதில். உண்மை, மாற்றலாம். பிப்டெக்கின் பாணிகள் ஒரு தனி மொழியில் எழுதப்பட்டவை. அந்த மொழிக்கு மொத்தம் 10 கட்டளைகளும் 37 உள்ளமைந்த செயல்களும்தான். அதில் பொருள் முதலில் வரும், வினை கடைசியில் வரும். 'ஆசிரியர் காலி' என்று நிபந்தனையைச் சொல்லிவிட்டு, இரண்டு வழிகளையும் வைத்துவிட்டு, கடைசியில்தான் 'என்றால்' வரும். ஆங்கிலக்காரர்கள் இதைத் தலைகீழ் மொழி என்று சபிக்கிறார்கள். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு அது அவ்வளவு அந்நியமாக இல்லை. சிரமப்பட விரும்பாதவர்களுக்காக 1990-களில் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் ஒன்றில் இருந்த பாட்ரிக் டேலி ஒரு கருவி செய்தார். அது வரிசையாகக் கேள்வி கேட்கும்: பெயரைத் திருப்பிப் போடவா, ஆண்டு அடைப்புக்குறிக்குள் வேண்டுமா, தலைப்பு சாய்வெழுத்தா? பதில்களிலிருந்து பாணிக் கோப்பு தயாராகிவிடும்.

ஆனால் அது கேட்காத கேள்வி ஒன்று உண்டு: உன் பெயரின் உறுப்புகள் எவை? கேட்கவும் முடியாது. ஏனெனில் நான்காகப் பிரிக்கிற வேலை பாணிக் கோப்பில் நடப்பதில்லை, பிப்டெக் நிரலின் உள்ளே நடக்கிறது. பாணிமொழியில் நான்கு உறுப்புகளை எந்த வரிசையிலும் அடுக்கலாம், சுருக்கலாம், விடலாம். ஐந்தாவதைக் கொண்டுவர முடியாது. தோற்றம் நம்முடையது, பகுப்பு அவர்களுடையது. தனிப்பயனாக்கம் என்ற பெயரில் நமக்குக் கொடுக்கப்படும் சுதந்திரங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். சுவருக்கு நிறம் அடிக்கலாம், சுவரை நகர்த்தக் கூடாது.

புழக்கத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. பெயர் முழுவதையும் இரட்டை நெளிவு அடைப்புக்குள் போட்டுவிட்டால் எந்திரம் அதைப் பிரிக்காது. அமைப்புகளின் பெயருக்காக வைத்த வழி அது. அயோத்திதாசரை ஒரு நிறுவனமாக அறிவித்துத்தான் அவரை முழுசாகக் காப்பாற்றினோம்.

இதில் வரலாற்று முரண் என்னவென்றால், பிப்டெக்குக்கு ஐம்பது ஆண்டுக்கு முன்பே இந்தப் பிரச்சினை சென்னையில் யோசிக்கப்பட்டுவிட்டது. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1934-இல் நூற்பட்டியல் விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். தென்னிந்தியப் பெயர்களுக்கென்று தனி விதி வைத்தவர் அவர். கடைசிச் சொல் சாதியை மட்டும் குறித்தால், அதைத் தனியே பிய்த்து முன்னால் போடக் கூடாது. அதற்கு முன்னுள்ள சொந்தப் பெயரோடு சேர்த்து, இயல்பான வரிசையிலேயே பதிய வேண்டும். சண்முகம் செட்டி 'செட்டி' ஆகமாட்டார். 'சண்முகம்' என்பதிலேயே தொடங்குவார். ரங்கநாதனுக்கு இதைத் தன் பெயரே கற்றுக்கொடுத்திருக்கும். சீர்காழி என்ற ஊர், ராமாமிர்தம் என்ற தந்தை, பிறகுதான் ரங்கநாதன். 1961-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு நூலகர் மாநாடும், ஆசிரியரின் நாட்டு வழக்கமே பெயரைப் பதியும் முறையைத் தீர்மானிக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. நூலகத் துறை ஒத்துக்கொண்ட ஒரு நியாயம் கணினித் துறைக்குப் போய்ச் சேரவில்லை. அச்சுக்கோப்பு நிரல் எழுதியவர்கள் நூலகரிடம் போகவில்லை, பாணிக் கையேட்டிடம் போனார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் தொலைபேசிக் கையேட்டையே சொந்தப் பெயரால் அடுக்குகிறவர்கள். அவர்களுக்கும் இதே வம்புதான்.

என் கதை ஒன்று. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பியபோது படிவத்தில் குடும்பப்பெயர் என்ற கட்டம் கட்டாயம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன். மூன்று ஆண்டு கழித்து ஒரு நூலில் என் வாதத்தை மறுத்து ஒருவர் எழுதியிருந்தார். பக்கம் முழுக்க அப்பாவைத்தான் மறுத்திருந்தார். அப்பா எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். பின்-அமைப்பியலை அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டு அச்சில் இருக்கிறது.

2006-இல் ஃபிலிப் லேமன் தொடங்கிய பிப்லாடெக், விஷயத்தை வேறு தளத்துக்குக் கொண்டுபோயிற்று. பாணிகளை லாடெக்கின் சொந்தக் கட்டளைகளாலேயே எழுதலாம். தரவைப் பிரிப்பதையும் அடுக்குவதையும் பைபர் என்ற நிரல் செய்யும். 2016-இல் வந்த 3.3 பதிப்பு இரண்டு காரியம் செய்தது. 'முதல்', 'கடைசி' என்ற சொற்களைத் தூக்கிவிட்டு 'வைத்த பெயர்', 'குடும்பப் பெயர்' என்று மாற்றியது. பெயரின் உறுப்புகள் எவை என்ற பட்டியலையே பயனர் திருத்தலாம் என்று திறந்துவிட்டது. அதாவது சுவர் நகர்ந்தது. ரஷ்யர்களின் தந்தைவழிப் பெயரைத் தனி உறுப்பாகச் சேர்ப்பது சாத்தியமாயிற்று. ரஷ்யருக்குச் சாத்தியமானது நமக்கும் சாத்தியம்தானே? நான் இனிஷியலை ஓர் உறுப்பாகவும் சாதிப் பின்னொட்டை இன்னோர் உறுப்பாகவும் அறிவித்தேன். இனிஷியல் அச்சில் முன்னால் வரும், அடுக்குவதில் கடைசியாகத்தான் கணக்கில் வரும். பின்னொட்டு நூலின் முகப்பில் இருந்தபடி அச்சில் வரும், அடுக்குவதில் வரவே வராது.

எழுத்தின் சிக்கல் தனி. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒரு குறியீடு மூன்று பைட். பழைய பிப்டெக் பைட்டை எழுத்து என்று நம்புகிறது. ஆகவே பெயரைச் சுருக்கச் சொன்னால் எழுத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் கொடுக்கும். அடுக்கும்போது குறியீட்டு எண்ணின் வரிசையைப் பின்பற்றும். அந்த வரிசை தேவநாகரியைப் பார்த்து அமைத்தது. அதில் வகரத்துக்கு முன் ழகரமும், பகரத்துக்கு முன் னகரமும் நிற்கும். பைபர் யூனிகோடு அறிந்தது என்பதால் இந்த வேதனை குறைவு. ஆனாலும் இரண்டு ஆசிரியர்களுக்கு நடுவே தரவுக் கோப்பில் ஆங்கில 'அண்ட்' எழுதித்தான் தீர வேண்டும். அச்சில் அதற்குப் பதிலாக எதைப் போடுவது? தமிழில் இணைப்பு நடுவில் நிற்பதில்லை, இரு பெயரின் காலிலும் 'உம்' ஆக ஒட்டும். எந்திரத்துக்கு ஒட்டத் தெரியாது. அரசாணைத் தமிழின் 'மற்றும்' இப்படித்தான் ஆய்வேடுகளுக்குள்ளும் புகுந்தது. நான் காற்புள்ளியோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்தப் பாணியைப் பார்த்த தோழர்களிடையே ஒரு விவாதம் எழுந்தது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்ட பிறகும் நாம் ஏன் அந்த உறுப்பை அச்சில் விட்டுவைக்க வேண்டும், அடியோடு நீக்கு என்றார் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டத்தைத் துறப்பது பெயருக்குரியவர் செய்கிற காரியம். பெரியார் தானே துறந்தார். பழைய ஆவணத்தில் நாயக்கர் என்று இருக்கிறது என்பதற்காக ஓர் ஆய்வாளர் அவரை அந்தச் சொல்லின் கீழ் பதிந்தால் அது அத்துமீறல். பிள்ளை என்று போட்டே நூலை வெளியிட்டவரின் பட்டத்தை நான் அழித்தால் என்ன ஆகும்? எழுதும் உரிமை ஒரு காலத்தில் யார் யார் கையில் இருந்தது என்ற தடயமும் சேர்ந்து அழியும். அந்த அச்சுப் பக்கங்களில் சாதி வெளிப்படையாக இருப்பது நமக்குச் சாட்சியம். அது தலைப்பாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

என் பாணியால் இன்னும் கையாள முடியாதது பெண்களின் இனிஷியல். திருமணத்துக்கு முன் தந்தையின் எழுத்தோடு ஒரு நூல், பின் கணவரின் எழுத்தோடு இன்னொன்று. எந்திரம் இருவர் என்று எண்ணுகிறது. இனிஷியலைக் கடைசியில் கணக்கெடுப்பதால் அடுத்தடுத்து வருகிறார்கள், ஆனால் இருவராகவே வருகிறார்கள். அடுக்குவதற்கென்று தனியாக ஒரு பெயர்ப் புலம் கொடுக்கும் வசதி பிப்லாடெக்கில் இருக்கிறது. சென்ற மாதம் முடித்த பட்டியலில் இப்படிப்பட்ட நான்கு எழுத்தாளர்களுக்கு அந்தப் புலத்தில் இனிஷியல் இல்லாமல் பெயரை மட்டும் எழுதினேன். அச்சில் இரண்டு இனிஷியலும் அந்தந்த நூலில் இருந்தபடியே இருக்கின்றன. நெறியாளர் அதைப் பிழை என்று சுழித்து அனுப்பியிருக்கிறார்.